அண்ணனின் சராசரி

பாகலூர் ரோட்டில் லாரி மோதி அண்ணன் செத்ததும், கம்பெனியில் அவன் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். கான்ட்ராக்ட் ஆள் செத்தால் வீட்டில் ஒருவரை எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டும் வேலை.

தலைக்கு மேல் ஒரு டிவி. ஒரு கட்டு முடிக்க அவரவருக்குச் சராசரியாக எத்தனை செகண்ட் ஆகிறது என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். கம்பெனி வைத்த அளவுக்குக் குறைந்தால் பச்சை, மிஞ்சினால் சிவப்பு.

அந்த டிவி கணக்கில் புதிதாக ஒரு ஆளைச் சேர்க்க மேலிடத்தில் கேட்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, சூப்பர்வைசர் அண்ணன் பெயரை அழித்துவிட்டு என் பெயரை அடித்தார். அவன் சராசரி எண்ணைத் தொடவில்லை. வேலை தெரியாத முதல் நாளே நான் பச்சை.

“செத்தும் சோறு போடறான் பாரு உங்கண்ணன்,” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

நான் மந்தம். நான் கட்டக் கட்ட எண் துளித்துளியாக ஏறியது. டீக்குக்கூடப் போகாமல் கட்டினேன். விரல் நுனி கிழிந்தது. வேலை போய்விடும் என்று பயந்து இல்லை. அவன் சட்டைகளை அம்மா எரித்துவிட்டாள். அவன் கைவேகம் அந்த எண்ணில் மட்டும்தான் மிச்சமிருந்தது.

“அண்ணன் பேரக் கெடுக்கவே வந்தியாம்மா?” சூப்பர்வைசர் தினமும் கேட்டார்.

டிவியில் அந்தக் கணக்கை ஓட்டும் புரோகிராமை எழுதிய எஞ்சினியர் ஒருநாள் லைனுக்கு வந்தார்.

“சார், எங்கண்ணனோடத மட்டும் தனியா எடுத்துக் குடுங்க சார்.”

“ஜாவாவுல எழுதுன புரோகிராம்மா இது. ஆளுக்கு ஒரு ஆப்ஜெக்ட், ஒரு டப்பா மாதிரி. அதுக்குள்ள ரெண்டே நம்பர்தான். எத்தன கட்டு, என்ன சராசரி. புதுசா ஒரு கட்டு முடிஞ்சா, அந்த டைம் சராசரிய கொஞ்சம் நகத்தும். அப்புறம் அந்த டைமத் தூக்கிப் போட்டுடும்.”

“அப்ப அவன் கட்டுனது?”

“உன்னோடதோட கலந்துபோச்சு. பால்ல தண்ணி ஊத்துன மாதிரி.”

பின்னால் நின்ற சூப்பர்வைசர் சிரித்தார். “தண்ணி இவதான் சார். இத்தன நாளா செத்தவன் கணக்குல திங்கறா. புதுசா ஒண்ணு போடுங்க.”

“வேணாம் சார். இன்னும் வேகமா கட்டறேன் சார்.”

எஞ்சினியர் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே இருந்தார்.

“பழசு என்ன ஆகும் சார்?”

“யாரும் தேடாத ஆப்ஜெக்ட்ட ஜாவாவே குப்பைன்னு அள்ளிடும்மா.”

டிவியில் என் பெயருக்கு நேரே பூஜ்யம். ஒயரை எடுத்தேன். கிளிப்பை இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். முதல் கட்டு முடிந்ததும் அந்த நேரமே என் சராசரி ஆனது. சிவப்பு.

“இதான்மா நீ,” என்றார் சூப்பர்வைசர்.

காப்பாற்ற இனி ஒன்றுமில்லை. இரண்டாவது கட்டை மெதுவாகக் கட்டினேன்.