கன்னுக்காரி ஊற்றிய தண்ணீர்

எல்லோரும் அவளைக் கன்னுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு மட்டும் அக்கா. புதிதாக மாற்றலாகி வந்த ரேஞ்சர் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, மாடு வைத்திருப்பவள் என்று நினைத்து, "பால் லிட்டர் என்ன விலைம்மா?" என்று விசாரித்தார். "என் கன்னு தண்ணி குடிக்கும் சார், பால் தராது" என்று அக்கா நாற்றுப் பாத்திகளைக் காட்டினாள். ரேஞ்சர் அசடு வழிந்தார். நான் லாரிக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

வனத்துறையில் நான் லாரி ஓட்டினேன். அக்கா நாற்றுப்பண்ணையில் தண்ணீர் ஊற்றினாள். வேலையின் பெயர் அவ்வளவுதான். ஆனால் அவள் ஊற்றுவதைப் பார்க்க வேண்டும். கறுப்புப் பையில் நிற்கும் விரலளவு செடியிடம், "நேத்து குடுத்ததையே நீ இன்னும் முடிக்கல, அதுக்குள்ள என்ன?" என்று கேட்பாள். பக்கத்துப் பையைப் பார்த்து, "உனக்கு மட்டும் என்ன, மூஞ்சி வாடிக் கிடக்கு?" என்பாள். வாடின கன்று ஒன்றை அவள் தூக்கிப் போட்டு நான் பார்த்ததே இல்லை. அதைத் தனியாக எடுத்துப் போய்த் தன் அறை வாசலில் நிழலில் வைத்துக்கொள்வாள். அந்த அறை, உரமூட்டை அடுக்கும் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, இறந்துபோன புருஷனின் குடை. பிள்ளை குட்டி கிடையாது. "இத்தனை இருக்கே, இன்னும் எதுக்கு?" என்று பாத்திகளைக் காட்டுவாள்.

சொந்தம் என்று இருந்தவள் ஒரு தங்கைதான். அவள் மேலே காட்டுக் குடியிருப்பில் இருந்தாள். அக்காவின் சனங்கள், வனத்துறை என்று ஒன்று பிறப்பதற்கு முன்பே அந்த மலையில் இருந்தவர்கள். தங்கை வீட்டுக்கு இரண்டு சரிவுகள் இருந்தன. மேட்டுச் சரிவு ஒன்று, ஓடைச் சரிவு ஒன்று. சில வருஷம் ஒன்றில் விதைப்பார்கள், மற்றதைச் சும்மா விட்டுவிடுவார்கள். புல்லும் புதரும் முளைத்து மண்ணுக்குத் தெம்பு வந்ததும் மாற்றிக்கொள்வார்கள். இதை அவர்கள் 'ஆறப்போடுவது' என்பார்கள், நாம் பாலை ஆறப்போடுவது மாதிரி. எங்கள் ஆபீசில் அதற்குத் தரிசு என்று பெயர். ஆறப்போட்ட பாலை யாருக்கும் வேண்டாத பால் என்று ஒருத்தன் சொம்போடு தூக்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? இதை நான் ஆபீசில் சொன்னேன். உன் வேலை ஸ்டியரிங் பிடிக்கிறது என்றார்கள்.

தரிசையெல்லாம் பசுமையாக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. ரேஞ்சர் குடியிருப்புக்குப் போய், மேட்டுச் சரிவைக் கேட்டார். அப்போது அதுதான் ஆறிக்கொண்டிருந்தது. நானும் வண்டியோடு போயிருந்தேன், அக்காவும் கூட வந்திருந்தாள். கெட்ட மனுஷன் இல்லை அவர். உட்கார இடம் கொடுத்தால் தரையில் உட்காருவார்.

"மரம் எங்களுது, மண்ணு உங்களுது. யாரு உங்களைப் போகச் சொல்லப் போறாங்க?" என்றார்.

தங்கைக்கு மனசு ஒப்பவில்லை. "மரம் வந்துட்டா நாங்க அப்புறம் எங்கே விதைக்கிறது?" என்று கேட்டாள்.

"நடுவுல நடுவுல இடம் விட்டுத்தாம்மா நடுவோம்."

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. இத்தனை காலம் வளர்த்த கன்றையெல்லாம் நான் லாரியில் ஏற்றிக்கொண்டு எங்கோ போய்விடுவேன். அது பிழைத்ததா செத்ததா என்றுகூட அவளுக்குத் தெரியாது. முதல் தடவையாகக் கண்ணெதிரே நிற்கப் போகிறது. "நம்ம வீட்டுக்குத்தானே வருது, சரின்னு சொல்லேன்டி" என்றாள். அக்கா சொன்ன பிறகு தங்கை மறுபேச்சு பேசவில்லை.

மற்றக் குடியிருப்புகளிலும் நட்டோம். நட்ட அன்றைக்குப் போட்டோ எடுத்ததோடு சரி, அப்புறம் கேட்க நாதி கிடையாது. ஆடு மேய்ந்தது பாதி, காய்ந்தது மீதி. ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் ஒரு கன்றுகூடத் தேறவில்லை. இங்கே நடந்தது வேறு. பண்ணையில் வேலை முடிந்ததும் அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவாள். கோடையில் ஓடைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். ஆடு வராமல் முள் வெட்டிக் கட்டினாள். "அவ உடம்பு என்னத்துக்கு ஆகும், நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்று தங்கை என்னிடம் புலம்புவாள். நான் சொன்னால் கேட்கிறவளா?

மரம் கிடுகிடுவென்று வளர்ந்தது. விட்ட இடைவெளியெல்லாம் மேலே கிளை கூடி மூடிக்கொண்டது. ரேஞ்சருக்குக் கேடயம் கிடைத்தது, மாற்றலும் கிடைத்தது. போகும்போது அக்காவுக்கு ஒரு போர்வை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு சட்டம் வந்தது. காட்டுச் சனங்கள் எந்த நிலத்தில் பயிர் செய்கிறார்களோ அது அவர்களுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சொன்னது. குடியிருப்பே துள்ளிக் குதித்தது. நானும்தான். ஓடைச் சரிவு அதற்குள் விளைந்து விளைந்து ஓய்ந்திருந்தது. மேட்டில் கொஞ்சம் மரத்தைக் கழித்துவிட்டு விதைக்கலாம் என்று தங்கை திட்டம் போட்டிருந்தாள். விசாரணை எங்கள் ஆபீஸ் ஹாலில் நடந்தது. காத்தாடி ஓடாத ஹால், மடக்கு நாற்காலிகள், சுவரில் வெள்ளைத் திரை. மேலதிகாரி ஒருவர் ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் படத்தில் பழுப்பாக இருந்தது. "இது விவசாய நிலம்" என்று அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். தங்கையின் ஓடைச் சரிவும் பழுப்பு. அதுவும் கிடைத்தது. மேட்டுச் சரிவு பச்சைப் பசேல் என்று இருந்தது.

"இது அடர்ந்த காடு. பயிர் பண்ணின அடையாளமே இல்லை" என்றார்.

தங்கை எழுந்தாள். "அது எங்க நிலம் சார். ஆறப்போட்டிருந்தோம். நீங்கதான் வந்து மரம் நட்டீங்க."

"நட்டது துறைன்னா மரம் துறையோடதும்மா. மரம் இருந்தா அது காடு. காட்டை எடுத்துக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை."

"மண்ணு எங்களுதுன்னு சொன்னாரே அவரு!"

"யாரு?"

அந்த ரேஞ்சர் எந்த ஊரில் இருந்தாரோ. கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள். "நான் தண்ணி ஊத்தினதாலதான் சார் அது பச்சையா இருக்கு. நான் ஊத்தலேன்னா அதுவும் அந்தப் பக்கம் மாதிரிதான் கிடக்கும். என் தப்புக்கு இவ நிலத்தை எடுக்காதீங்க."

மேலதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "நல்ல வேலை பண்ணியிருக்கீங்கம்மா. இதுல தப்பு ஒண்ணும் இல்லை" என்றார், நிஜமான மரியாதையோடு. ஓடைச் சரிவைக் காட்டி, "இதுல பயிரை நிறுத்திடாதீங்க. நிறுத்தினா இதுவும் துறைக்கே திரும்பிடும்" என்று தங்கைக்கு எச்சரிக்கையும் செய்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இரண்டு பேரையும் என் வண்டியில்தான் ஏற்றி வந்தேன். தங்கை சண்டை போட்டிருந்தால் தேவலை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் சுமாரா ஊத்தியிருக்கலாமே அக்கா" என்றாள். அந்தப் பேச்சு இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்!

மேட்டுச் சரிவைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். கம்பிச் சுருளையும் என் லாரியில்தான் ஏற்றினார்கள். அந்த வாரமே அக்கா தண்ணீர்க் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள். போர்வையையும் குடையையும் எடுத்துக்கொண்டு, "இனிமே தங்கச்சி வீட்டுல இருக்கேன் தம்பி, அவளுக்குக் கைக்கு ஒத்தாசையா ஒரு ஆள் வேணும்" என்றாள். வாசல் நிழலில் இருந்த வாடல் கன்றுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை அவளைப் பார்க்கப் போனேன். ஓடைச் சரிவில் பயிர் சவலையாக நின்றது. இந்த மண்ணை ஆறப்போட முடியாது. ஆறப்போட்டால் புதர் வரும், புதருக்குப் பின்னால் மரம் வரும், மரம் வந்தால் படத்தில் பச்சை வரும். அதனால் தெம்பில்லாத மண்ணிலேயே வருஷா வருஷம் விதைத்துக்கொண்டிருந்தார்கள். காட்டைக் காப்பாற்றப் போட்ட திட்டம், காட்டுச் சனங்களைச் செடி கொடியைக் கண்டாலே பயப்பட வைத்துவிட்டது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் மனசுக்குள் திட்டினேன்.

தங்கை ஒரு வரிசையிலும் அக்கா அடுத்த வரிசையிலும் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் பக்கம் குவியல் பெரிதாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். புல் இல்லை. எல்லாம் விரலளவு மரக்கன்றுகள்.

"வேலிக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து விதை வருது தம்பி" என்றாள். "எல்லாம் நம்ம மரத்தோடதுதான். காத்தடிச்சா போதும், வந்து முளைச்சுடுது. இதைப் பிடுங்குறதுதான் இப்போ என் வேலை."

பேசிக்கொண்டே இன்னொன்றைப் பிடுங்கினாள். பிடுங்கும்போது வேர் அறாமல், மண்ணோடு சேர்த்துத்தான் எடுத்தாள். கை பழக்கம் போகவில்லை. உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல கன்னு இது. உன் வண்டியில பழைய கறுப்புப் பை ஏதாவது கிடக்கா?"

வண்டி ஏது எனக்கு, நான் பஸ்ஸில் வந்தவன். ஆனாலும் சட்டைப் பையைத் துழாவினேன். அடுத்த வரிசையில் தங்கையின் கை நின்றது. அவள் நிமிர்ந்து அக்காவையே பார்த்தாள்.

"சும்மா கேட்டேன்டி" என்றாள் அக்கா. கன்றைக் குவியலில் போட்டுவிட்டு அடுத்ததற்குக் குனிந்தாள்.