ஒடிந்த ஸ்டட்

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் ஜீப் மெக்கானிக் என்றால் பூபாலன்தான். வண்டி வளைவில் திரும்பும்போதே சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லிவிடுவான் என்று பெயர். அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன ஆவணியில் அர்ச்சுனன் தன் பழைய பெட்ரோல் ஜீப்பைக் கொண்டுவந்து விட்டான். இன்ஜின் புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்பும் மேனிபோல்டு விரிசல் விட்டிருந்தது. புதுசு ஒன்றை வேலூரில் வாங்கி வந்திருந்தான். பூபாலன் பழையதைக் கழற்றி, ஒட்டியிருந்த கரியைச் சுரண்டி, புகை கசியாமலிருக்க இடையில் புதுக் கேஸ்கட் தகடு வைத்து மேனிபோல்டைப் பொருத்தினான். கடைசி நட்டை முறுக்கும்போது, இன்ஜினில் பதிந்து அந்த நட்டைத் தாங்கும் ஸ்டட் 'டக்'கென்று ஒடிந்தது.

ஒடிந்த துண்டைத் துளை போட்டு எடுக்க அரை நாள் பிடிக்கும். ரங்கசாமி மகள் நிச்சயதார்த்தத்துக்கு வந்த சனத்தை மதியமே அவர்கள் ஊரில் கொண்டுபோய் விடவேண்டும் என்று அர்ச்சுனன் வாசலிலேயே நின்றான். விசேஷ வீட்டுச் சாப்பாட்டையும் பூபாலனுக்குத் தூக்கில் கொண்டுவந்திருந்தான்.

"இன்னா பூபாலா, ஆச்சா?"

"ஆச்சுண்ணா, எடுத்துக்னு போ."

ஒடிந்த இடத்தில் பசையை அப்பிவிட்டுச் சொன்ன சொல் அது.

வழியில் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை இறக்கிக் கட்டிக்கொண்டு பதினோரு பேர் உள்ளே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியிலேயே ஒவ்வொருவராக வாந்தி எடுத்தார்கள். மாப்பிள்ளையின் தாய் மங்கம்மாள் மயங்கிச் சரிந்தவள், ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்துதான் எழுந்தாள். திறந்த பக்கம் உட்கார்ந்து ஓட்டிய அர்ச்சுனனுக்குத் தலைவலியோடு போயிற்று.

"சாப்பாட்டுலதான் இன்னாவோ கலந்துகீது" என்றது ஊர். சமைத்தவள் சசிகலா. சுற்றுவட்டாரத்தில் எந்த விசேஷத்துக்கும் அவள் கைதான். ரங்கசாமி கல்யாணச் சமையலுக்கு வேறு ஆளைப் பார்க்கத் தொடங்கினார்.

சேதி காதில் விழுந்ததுமே பூபாலனுக்குத் தான் அப்பிய பசைதான் நினைவுக்கு வந்தது. மறுநாளே ஏதோ சாக்குச் சொல்லி ஜீப்பை வரவழைத்தான். நினைத்தது சரிதான். கேஸ்கட் ஒரு ஓரம் எரிந்து பிளந்திருந்தது. அங்கிருந்து கசிந்த நச்சுப்புகை, துருப்பிடித்த தரை ஓட்டை வழியாக நேரே உள்ளே ஏறியிருக்கிறது. ஒடிந்த துண்டை எடுத்தான், புது ஸ்டட் போட்டான், வேறு கேஸ்கட் வைத்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. இனி ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

நாலாம் நாள் சசிகலா அவன் கொட்டகைக்கே வந்து நின்றாள்.

"பூபாலா, நீயும் அந்தச் சாப்பாட்டத்தான சாப்ட்ட? உனுக்கு இன்னாவாச்சும் பண்ணுச்சா? மறைக்காம சொல்லு."

ஒன்றும் செய்யவில்லை என்றால் அடுத்த கேள்வி வண்டியைப் பற்றி வரும். அந்த ஒரு கணத்தில் அவன் நாக்கு தானாகப் புரண்டது.

"லேசா வவுறு வலிச்சுதுக்கா."

அவள் முகம் செத்துவிட்டது. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப என் கைலதான் கோளாறு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்பேனரைப் பிடித்தால் கை கூசியது. சாயங்காலம், எரிந்த கேஸ்கட்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ரங்கசாமி வீட்டுக்கு நடந்தான். கல்யாணப் பேச்சுக்காக மங்கம்மாளும் அர்ச்சுனனும் அங்கே இருந்தார்கள். கேஸ்கட்டைக் கீழே வைத்து, ஸ்டட் ஒடிந்ததிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை தரையைத்தான் பார்த்தான்.

"எம் பொண்டாட்டியும் அதே வண்டில தான்டா வந்தா" என்றான் அர்ச்சுனன். எழுந்து போய்விட்டான். மங்கம்மாள் கேஸ்கட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, தொடக்கூடாததைத் தொட்டதுபோலக் கீழே போட்டாள்.

ரங்கசாமி ஆளனுப்பிச் சசிகலாவை அழைத்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். திட்டவில்லை.

"வண்டி வேலைல தப்பு வரும், வுடு. வவுறு வலிச்சுதுன்னு எங்கிட்டயே சொன்னியே, அது எதுக்கு?"



அர்ச்சுனனின் ஜீப் இப்போது வேலை என்றால் மலையிறங்கி ஒடுகத்தூருக்குப் போகிறது. கல்யாணத்துக்குச் சசிகலாதான் சமைத்தாள். பூபாலனையும் கூப்பிட்டிருந்தார்கள், போகாமலிருந்தால் இன்னும் கேவலம் என்று போனான். பந்தியில் அவளே வந்து சோறு போட்டாள். போதும் என்று சொல்லக்கூட அவனுக்குத் தலை நிமிரவில்லை.