சந்தியாப்பிள்ளை கொண்டுபோன கொப்பிகள்

சந்தியாப்பிள்ளை அண்ணர் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று என்னோடு படித்த பிலோமினா தொலைபேசியில் சொன்னபோது, "ஆர் சொன்னது?" என்றுதான் முதலில் கேட்டேன். இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோவுக்கு வந்த நாள்முதல் எதையும் ஒரே தடவையில் நம்பியதில்லை நான். அந்த மனுசனை நம்பாததற்கு மட்டும் இன்று வெட்கப்படுகிறேன். எங்களுக்குப் பிறகு அவரிடம் படித்த உங்களுக்கு அது தெரியவேண்டும்.

வீட்டுவேலை செய்யும் எங்களுக்கு ஞாயிறும் வியாழன் பின்னேரமும் ஓய்வு. பங்குக் கோயில் மண்டபத்தில் வியாழனில்தான் ஆங்கில வகுப்பு. லண்டன், கனடா என்று ஆளுக்கொரு கனவு எங்களுக்கு. அண்ணர் வாத்தியார் அல்ல. ஊரில் தபால் கந்தோரில் முத்திரை விற்றவர். இங்கே பக்கத்து ஊர் பகேரியாவில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவைப் பராமரித்தவர். வகுப்புக்குக் காசும் வாங்கமாட்டார். அதுதான் எனக்கு இடித்தது. சும்மா ஏன் ஒரு மனுசன் வந்து தொண்டை கிழியக் கத்துகிறார்?

கரும்பலகையின் நடுவே கோடு கீறுவார். ஒருபக்கம், 'ஈடி' சேர்த்தவுடன் இறந்தகாலமாகிவிடும் வினைகள். "இதுகள் சொல்வழி கேக்கிற பிள்ளையள்" என்பார். மறுபக்கம் கோ, கம், லீவ். "இதுகள் தான்தோன்றியள். ஒவ்வொண்டாப் பழகித்தான் பிடிக்கவேணும்."

சிரித்தோம். பிறகு, அந்தத் தான்தோன்றிகளை வைத்து எங்களைப் பற்றிப் பத்து வசனம் எழுதச் சொன்னார். எப்படி வந்தாய், யாரை விட்டுவந்தாய். எனக்குப் பகீரென்றது. வதிவிட அனுமதிக்குப் பதியப் போன குவெஸ்தூராவில் பொலிஸ்காரர் கேட்டதும் இதைத்தானே! ஏஜென்சிக்காரன் சொல்லித்தந்தபடி, கலியாணமாகாதவள் என்று அங்கே பதிந்திருந்தேன். அது பொய்யென்று தெரிந்தால் பெர்மெஸ்ஸோ, அந்த அனுமதிப் பத்திரம், போய்விடும். யாழ்ப்பாணத்தில் என் தங்கையிடம் இருக்கும் மூன்று பிள்ளைகளின் சாப்பாடும் போய்விடும். ஆகவே விமானத்தில் வந்தேன், அக்காவோடு வந்தேன் என்று புளுகித் தள்ளினேன்.

எழுதிய கொப்பிகளைத் திருத்த அண்ணர் ஒரு பையில் போட்டுக் கட்டினார். "ஏன் கொண்டுபோறியள்? இஞ்சையே திருத்தலாம்தானே?" என்றேன்.

"இஞ்சை வெளிச்சம் காணாது, தங்கச்சி."

பின்னேரம் மூன்று மணி. ஜன்னலெல்லாம் வெயில்!

வீட்டுக்குப் போகும் வழியில்தான் நினைவு வந்தது. ஒன்பது பொய்க்கு நடுவே ஒரு உண்மை வழுக்கி விழுந்திருந்தது: மூன்று பிள்ளைகளை விட்டுவந்தேன். அந்த அவசரத்தில் 'லெஃப்ட்' என்பதைக்கூட 'லீவ்ட்' என்று எழுதியிருந்தேன். ஞாயிறு ரயிலேறிப் பகேரியாவுக்குப் போனேன். கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தால், தோட்டத்தில் அவர் ஒரு கொப்பியை வாசிக்கிறார். இத்தாலியக் கிழவி சிவப்புப் பேனையோடு கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு வேறென்ன வேண்டும்? எங்கள் இரகசியத்தை இத்தாலியருக்கு வாசித்துக் காட்டுகிறார் என்று எல்லோருக்கும் சொன்னேன். அடுத்த வியாழன் ஒருவரும் போகவில்லை. என் கொப்பியைப் பறிக்க நான் மட்டும் போனேன். கையில் சோக்கட்டியோடு நின்றார்.

"ஆக்கள் ஏன் வரேல்லை, தங்கச்சி?"

"எனக்கென்ன தெரியும்?"

பையிலிருந்து கொப்பியை எடுத்துத் தந்தார். 'லீவ்ட்' வெட்டித் திருத்தியிருந்தது. பிறகொருநாள் பொலிதேயாமாச் சதுக்கத்தில் எதிர்ப்பட்டு, "தான்தோன்றியள் ஞாபகமிருக்கோ?" என்று சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். பாவி நான்.

அடக்கத்துக்கு அந்தச் சிஞ்ஞோரா தடியூன்றி வந்தாள். முன்பு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவளாம். கிழமை முழுக்க அவளிடம் கற்றுக்கொண்டுதான் அண்ணர் வியாழனில் எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார். அவள் திருத்திய கொப்பி ஒன்றை என் கையில் தந்தாள். அது எங்களுடையது அல்ல. எங்கள் வசனங்களையெல்லாம் அவர் தன் கையெழுத்தில் பார்த்தெழுதியது. பிழைகளை அப்படியே விட்டிருந்தார், மற்றதையெல்லாம் மாற்றியிருந்தார். மன்னார் இல்லை, படகு இல்லை, ஒரு பெயர்கூட இல்லை. ஓரிடத்தில் 'லீவ்ட்' என்று இருந்தது. அதன் பக்கத்தில்: மூன்று ஆடுகள்.

புரட்டிப் பார்த்தேன். பிள்ளைகளை விட்டு வந்த எல்லோருக்கும் ஆடுகள்தான்.

"நீங்கள் எல்லோருமே ஊரில் ஆடுகளையா விட்டுவிட்டு வந்தீர்கள்?" என்று சிஞ்ஞோரா இத்தாலியனில் கேட்டாள்.

ஓம் என்று தலையாட்டினேன். "ஆடுகள்தான், சிஞ்ஞோரா. எனக்கு மூன்று."

அந்தக் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது.