பிளான் போடாமல் போனவன்

இது கட்டுக்கதை இல்லை. பேய் பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் நான். விமான என்ஜினைக் கழற்றி மாட்டுகிறவனுக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் அதற்கொரு காரணம் தெரிந்தாக வேண்டும். இந்த ஒன்றுக்கு மட்டும் இன்றுவரை தெரியவில்லை. நடந்தது எனக்கல்ல, எங்கள் பறக்கும் கிளப்பில் சொந்தமாக ஒரு சின்ன விமானம் வைத்திருக்கும் பல் டாக்டருக்கு. அவரும் அவர் மனைவியும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். ஒரு சொல் மாறவில்லை.

கிளப்பில் டாக்டருக்குப் பட்டப்பெயர் 'பிளான்காரர்'. பாத்ரூம் போவதற்குக்கூட பிளான் போடுவார் மனுஷன் என்று கிண்டலடிப்போம். விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் மலையைத் தாண்டிப் போனாலோ, இருட்டிய பிறகு பறந்தாலோ, பிளான் அறைக்குப் போன் செய்து எந்த வழி, எத்தனை ஆள், எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இறங்கியதும் மறுபடி போன் செய்து பிளானை மூடச் சொல்ல வேண்டும். போன் வராவிட்டால் அரை மணி நேரம் பார்ப்பார்கள். அப்புறம் தேட ஆள் கிளம்பும். பகலில் பக்கத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி வருவதென்றால் இதெல்லாம் கட்டாயமில்லை. டாக்டர் அதற்கும் போடுவார்.

காரணம் அவருடைய மச்சினன்.

மனைவிக்கு ஒரே தம்பி, ஒல்லிப் பையன். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே டாக்டர்தான். போன வருடம் கிளப்புக்கு விடுமுறை நாளில், கிளப் விமானத்தை எடுக்கும் முன் அத்தானுக்குப் போன் செய்திருக்கிறான்.

"அத்தான், அணைக்கட்டு வரைக்கும் ஒரு ரவுண்டு. பிளான் போடணுமா?"

டாக்டரின் கை அப்போது யாரோ ஒருவர் வாய்க்குள் இருந்தது. "இத்தனூண்டு தூரத்துக்கு எதுக்குடா? போயிட்டு வா."

விதிப்படி சரியான பதில்தான். என்ஜின் நின்றுபோய்க் காட்டுச் சரிவில் விழுந்தான். பிளான் இல்லை, ஆகவே அரை மணி நேரம் பார்க்கவும் ஆளில்லை. சினேகிதர்களோடு எங்கேயாவது சுற்றிக்கொண்டிருப்பான் என்று வீட்டில் தூங்கப் போய்விட்டார்கள். மறுநாள் மதியம்தான் கண்டுபிடித்தோம். விடியும் வரைக்கும் உயிர் இருந்திருக்கிறது என்றார் பிரேதப் பரிசோதனை செய்தவர்.

"ஒரு போன் போட்டு பிளான் குடுக்க அவனுக்கு என்ன கேடு? எல்லாத்துலயும் அலட்சியம்" என்று அக்காக்காரி அழுதுகொண்டே செத்தவனைத் திட்டுவாள். டாக்டர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்கிற ஒரு வரி, ஒரு வருடமாக அவர் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. சொன்னால் அவள் தன்னை விட்டுப் போய்விடுவாள் என்று பயந்தார். சொல்லாமல் இருக்கவும் வெட்கமாக இருந்தது. பழியைச் செத்தவன் தலையில் போட்டுவிட்டு அவர் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

இனி அந்தச் சாயங்காலம்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் வாரம் ஒருநாள் பல் பார்த்துவிட்டுத் திரும்புவது அவர் வழக்கம். மணி ஐந்தரை. பிளான் அறைக்குப் போன் செய்தார். அங்கே எப்போதும் இருக்கும் பெண்தான் எழுதிக்கொண்டாள்.

"சரி டாக்டர். ஆள் ரெண்டு."

"ஒண்ணும்மா."

"ரெண்டுன்னுதானே சொன்னீங்க?"

"ஒண்ணு. நான் மட்டும்தான்."

"எனக்கு ரெண்டுன்னு கேட்டுச்சு... சரி, மாத்திடறேன்."

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏறி உட்கார்ந்தார். ஆள் இல்லாத வலப் பக்க இருக்கையில் பெல்ட்டைப் போட்டு, அது தொங்கி ஆடாதபடி நன்றாக இறுக்கினார். கிளம்பிவிட்டார்.

மலை உச்சி நெருங்கியபோது விமானம் வலப் பக்கம் லேசாகச் சாய்ந்தது. நேராக்கினார். மறுபடி சாய்ந்தது. பெட்ரோல் இரண்டு இறக்கையிலும் சமமாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படி இழுக்குமோ அப்படி இழுத்தது.

வலப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

இறுக்கி வைத்த பெல்ட் தளர்ந்திருந்தது. அவிழவில்லை. தளர்ந்திருந்தது... ஒல்லியான ஓர் ஆளின் இடுப்பு அளவுக்கு.

அப்போதுதான் காதில் அந்தச் சத்தம்.

க்ளிக்.

விமானத்தில் இரண்டு பேருக்கும் ஹெட்செட் உண்டு. யாராவது வாயைத் திறந்தால்தான் அவர் மைக் திறக்கும். திறக்கும்போது மற்றவர் காதில் க்ளிக் என்று ஒரு சத்தம், பிறகு மெல்லிய இரைச்சல். வாயை மூடினால் அதுவும் மூடிக்கொள்ளும். காற்றாக இருக்கும் என்பீர்கள். காற்றுக்கும் என்ஜினுக்கும் திறக்காதபடி அதைத் திருகி வைத்தது நான். என் வேலையைப் பற்றி எனக்குத் தெரியாதா?

டாக்டர் வாயைத் திறக்கவே இல்லை.

க்ளிக். இஸ்ஸ்ஸ்... மூடிக்கொண்டது.

க்ளிக். இஸ்ஸ்ஸ்...

பேச வாயெடுத்து, பேசாமல் விடுகிறவன் மாதிரி.

கை நீட்டி வலப் பக்க ஹெட்செட்டின் ஒயரைப் பிடுங்கிப் போட்டார்.

க்ளிக்.

கீழே காட்டுச் சரிவு. அதே சரிவு.

இஸ்ஸ்ஸ்... இந்த முறை மூடவில்லை.

மூச்சு.

இழுத்து... விட்டு... இழுத்து...

"நான்தான்டா!" டாக்டர் கத்திவிட்டார். "வேண்டாம்னு சொன்னது நான்தான். உன்னைத் திட்டறப்ப வாயைப் பொத்திக்கிட்டு இருந்ததும் நான்தான். சொல்லிடறேன்டா. இன்னிக்கே உங்க அக்காகிட்ட சொல்லிடறேன்."

மூச்சு நின்றது.

க்ளிக். மூடிக்கொண்டது.

விமானம் தானாக நேரானது.

ஆறு இருபதுக்கு இறங்கினார். இருக்கையில் இருந்தபடியே பிளான் அறைக்குப் போன் செய்தார்.

"அதான் மூடியாச்சே டாக்டர்" என்றாள் அந்தப் பெண்.

"யாரு மூடினது?"

"உங்க கூட வந்தவர்தான். இப்பதான் உங்க கிளப் போன்லேருந்து பேசினார். அத்தான் இறங்கிட்டார், அவரோட பிளானை மூடிடுங்கன்னார். அப்புறம்..." என்று இழுத்தாள். "ஒண்ணுமில்ல டாக்டர்."

டாக்டர் தலையைத் திருப்பி, விமானம் நிறுத்தும் கொட்டகையைப் பார்த்தார். கிளப் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஒரு என்ஜின் பாகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரமாக அங்கேயேதான் இருந்தேன். அந்தப் போனை யாரும் தொடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், யாருமே தொடவில்லை.

வீட்டுக்குப் போனவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மச்சினன் போன் செய்தது, இவர் சொன்ன பதில், இன்று நடந்தது, ஒன்று விடாமல். அவள் கத்தவில்லை.

"நான் அவனைத் திட்டறப்பல்லாம் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க. பேசினது யாருன்னு நான் கேக்கணும்."

போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். யார் பேசுகிறார்கள், எதற்கு என்று தெரிந்ததும் அந்தப் பக்கத்தில் விசும்பல் கேட்டது.

"அக்கா, அந்தக் குரல் எனக்குப் புதுசு இல்லக்கா. போன வருஷமும் ஒரு நாள் சாயங்காலம் வந்துச்சு. லைன் விட்டு விட்டுக் கேட்டுச்சு. 'என்னைத் தேட ஆரம்பிச்சாச்சா?' அவ்வளவுதான் புரிஞ்சுது. நான் பிளானையெல்லாம் பார்த்தேன். வர வேண்டியவங்க எல்லாரும் இறங்கியாச்சு. அப்படி ஒரு பிளானே இல்லையே சார்னு சொன்னேன். கட் ஆயிடுச்சு. யாரோ விளையாடறாங்கன்னு விட்டுட்டேன். மறுநாள் சேதி தெரிஞ்சப்ப பயத்துல யார்கிட்டயும் சொல்லலக்கா."

அக்கா போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "இன்னிக்கு?"

"இன்னிக்கும் கடைசியா அதையேதான் கேட்டார். தேட ஆரம்பிச்சாச்சான்னு."

"நீ என்ன சொன்னே?"

லைன் கட் ஆகிவிட்டதோ என்று டாக்டர் குனிந்து போனைப் பார்த்தார்.

"வேலையில இருக்கறப்ப வாய் தானா சொல்லிடுதுக்கா... அப்படி ஒரு பிளானே இல்லையே சார்னு இன்னிக்கும் சொல்லிட்டேன்."