நாலாம் கயிறு

வாட்டி எலியட்டுக்கு ஆண்டவன் கொடுத்த ஒரே சொத்து அவருடைய வாய். கம்பளி ஆலையில் இருந்த காலத்தில் அந்த வாயால் மேஸ்திரிகளிடம் வசவு வாங்கினார். ஆலை மூடப்பட்டு, டன்ஸ்கார் கோட்டையில் ஆட்களுக்குச் சுற்றிக் காட்டும் வேலை கிடைத்த பிறகு அதே வாய் அவருக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்தது. வாயாடிக்குக் கோட்டையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை கிர்க்லா ஊர் அப்புறம்தான் பார்த்தது.

கோட்டை இங்கிலாந்து எல்லைக்குச் சற்று வடக்கே, ட்வீட் ஆற்றங்கரையில் இருக்கிறது. சந்தைச் சதுக்கத்திலிருந்து ஆற்றோரமாகப் பேசிக்கொண்டே நடந்தால், பேச்சு முடிவதற்குள் வந்துவிடும். ஊர்க்காரர்கள் யாரும் நடப்பதில்லை என்பது வேறு விஷயம். பள்ளிக்கூடத்தில் இழுத்துக்கொண்டு போனபோது ஒரு தரம் பார்த்திருப்பார்கள், அதோடு சரி. பாதிக் கூரை போன மண்டபத்தையும் கரி பிடித்த சமையற்கட்டையும் பார்க்க ஹாலந்திலிருந்து பஸ் வைத்துக்கொண்டு வருகிறார்களே, வேறு வேலை இல்லையா என்று ஊர் சிரிக்கும். வாட்டி சிரிக்க மாட்டார். அவருக்கு அவர்கள்தான் சபை.

மேல்மாடியில் ஆற்றைப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. தன் கதைகளிலேயே சிறந்ததை அவர் அங்கேதான் வைத்திருந்தார்.

"கீழ பாருங்க, தண்ணி தணிஞ்சு கல்லு தெரியுதே, அதுதான் ஆத்தைக் கடக்கற துறை. வருஷா வருஷம் ஜூன் மாசம் ஊரே குதிரை ஏறி எங்க எல்லையைச் சுத்தி வருவோம். முன்னாடி கல்யாணம் ஆகாத பையன் ஒருத்தன் ஊர்க்கொடியைப் பிடிச்சுட்டுப் போவான். சாயங்காலம் அதைக் கறை படாம திருப்பிக் குடுக்கணும். இந்தக் கொடியைப் பிடுங்கறதுக்கு இங்கிலீஷ்காரன் வாளோட வந்தான், பீரங்கியோட வந்தான். ஒண்ணும் நடக்கல. கடைசியில எங்க சாண்டி ஹிஸ்லப் இந்தத் துறையில இறங்கினான் பாருங்க. கொடியைத் தூக்கி ஆத்துக்குக் குடுக்க அவனுக்கு என்ன தேவைப்பட்டுது தெரியுமா?"

இங்கே ஒரு மூச்சு நிறுத்துவார்.

"ஒரே ஒரு தும்மல்!"

கொல்லென்று சிரிப்பு எழும். அந்த ஒரு மூச்சு இடைவெளிக்காகத்தான் வாட்டி காலையில் எழுந்து முகம் கழுவுகிறார் என்று அவர் மனைவி மேசி சொல்வாள்.

கதை பொய்யில்லை. சாண்டி கொடி பிடித்த வருஷம், வலப்பக்கம் கூடவே குதிரையில் போனவர் வாட்டி. நடு ஆற்றில் சாண்டி விழுந்தார். கொடி ஆற்றோடு போய், கீழே வில்லோ மரத்து வேரில் சிக்கிச் சேறும் பாசியுமாகக் கிடைத்தது. அன்று சாயங்காலம் நகர மண்டபத்துப் படியில் நின்று "கறை படாமல் திருப்பித் தருகிறேன்" என்று சொல்ல வேண்டிய பையன், சொல்ல முடியாமல் ஈரக் கொடியோடு நின்றான். இந்த ஊர் குடிகாரனை மன்னிக்கும், அடுத்தவன் பெண்டாட்டியோடு ஓடினவனைக்கூட நாள்பட மன்னிக்கும். கொடியை விட்டவனை மன்னிக்காது. சதுக்கத்தில் சாண்டி நடத்திய இரும்புச் சாமான் கடையில் ஆணி வாங்க வருகிறவன்கூட, "கெட்டியாப் பிடி சாண்டி, பொட்டலம் விழுந்துடப் போகுது" என்பான். அதையும் முதலில் கிளப்பிவிட்டது வாட்டிதான். சாண்டி சிரித்துக்கொண்டே சில்லறையை எண்ணித் தருவார். அவர் சிரிக்கிறாரே, அப்புறம் என்ன என்று வாட்டி நினைத்தார். வசதியான நினைப்பு.

அந்த சாண்டி செப்டம்பர் மாதக் கடைசியில், கடையில் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தவர், மாரடைப்பில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்து போய்ச் சேர்ந்தார்.

சவ அடக்கம் நடத்தும் பர்வ்ஸ், கருப்புக் கோட்டோடு கோட்டை வாசலுக்கே வந்து வாட்டியின் கையில் ஒரு சின்ன அட்டையைக் கொடுத்தான்.

"நாலாம் நம்பர் உனக்கு, வாட்டி."

"எனக்கா?"

"சாண்டியே சொன்னதாம். மக வந்து சொன்னா. நாளைக்குப் பதினொரு மணி, தேவாலயத்துக் கல்லறைத் தோட்டம். லேட்டா வந்து என் பேரைக் கெடுத்துடாத."

பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு, எட்டுப் பேர், ஆளுக்கொரு நம்பர் அட்டை. தலைமாட்டுக் கயிறு பெற்ற பிள்ளைக்கு. மற்றக் கயிறுகள் யார் யாருக்கு என்று ஊரே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருக்கும். கயிறு கிடைக்காததற்காகக் கூடப்பிறந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதுண்டு. வாட்டிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் ஒரு ஹாலந்து பஸ் வந்தது. கூடவே சீட்டு வாங்கிக்கொண்டு தனியாக ஒரு தம்பதி. அவளுக்கு நாற்பது வயது இருக்கும், சாம்பல் நிற மழைக்கோட்டு. அவன் பேச்சிலேயே எல்லைக்கு அந்தப்பக்கத்து நியூகாசில்காரன் என்று தெரிந்தது. ஹாலந்துக்காரர்கள் களைத்துப் போயிருந்தார்கள். மண்டபத்துக் கதைக்குச் சிரிப்பில்லை. பேய்க் கதைக்கு ஒருவர் கொட்டாவி விட்டார். வாட்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஜன்னலுக்கு வந்தபோது அவர் தயங்கினார். அதைச் சொல்லியாக வேண்டும், தயங்கத்தான் செய்தார். செத்தவன் இன்னும் பர்வ்ஸின் கூடத்தில் கிடக்கிறான், அட்டை பையில் இருக்கிறது. இன்றைக்கு விட்டுவிடு என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. ஆனால் எதிரே இருந்தவை சிரிக்காத முகங்கள். இவர்களுக்கு சாண்டியைத் தெரியுமா, சாண்டிக்கு இவர்களைத் தெரியுமா? வாட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு துறையைக் காட்டினார்.

"...ஒரே ஒரு தும்மல்!"

வெடித்துச் சிரித்தார்கள். நியூகாசில்காரன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

"இங்கிலீஷ்காரனால முடியாதது! அந்த மகராசன் பேர் என்ன சொன்னீங்க?"

"சாண்டி ஹிஸ்லப்," என்றார் வாட்டி, கல்கண்டைக் கடித்த மாதிரி.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஜன்னல் வழியாகத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்கப்பா," என்றாள். குரல் உயரவில்லை. "நாளைக்கு அடக்கம்."

பின்னாலிருந்த ஹாலந்துக்காரர்களுக்கு இது காதில் விழவில்லை. அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சாண்டியின் மனைவி பிரிந்து, கைக்குழந்தையோடு அபெர்டீனுக்குப் போனது ஊருக்குத் தெரியும். அந்தக் குழந்தை ஷீனா சின்ன வயதில் லீவுக்கு வந்துபோனதோடு சரி, வளர்ந்த முகத்தை வாட்டி பார்த்ததில்லை. வாட்டிக்குப் பூமி பிளந்து விழுங்கக்கூடாதா என்றிருந்தது. ஆனால் இன்னும் சமையற்கட்டும் பாதாளச் சிறையும் பாக்கி இருந்தன. பஸ்காரர்கள் காத்திருந்தார்கள். அவர் பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல் எல்லாவற்றையும் ஒப்பித்து முடித்தார். ஷீனா கடைசிவரை கூடவே வந்தாள். வாசலில் நின்று, "ரொம்ப நன்றி. நல்லா சுத்திக் காட்டினீங்க," என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை.

வீட்டில் மேசி கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தாள். நடந்ததைக் கேட்டு முடிக்குமுன்பே கரண்டியைக் கீழே போட்டாள்.

"பொணம் இன்னும் வெளிய இருக்குதேய்யா! உன் வாய்க்கு ஒரு நாள் லீவு குடுக்க முடியல?"

"அட்டையைத் திருப்பிக் குடுத்துடறேன்."

"குடுப்ப, குடுப்ப. கயிறு வேணாம்னு சொன்னவன்னு உன் பேரன் காலம்வரைக்கும் பேசுவாங்க."

"பின்ன எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அதைப் பிடிக்கறது?"

"இருக்கற மூஞ்சியத்தான். முதல்ல போய் அந்தப் பொண்ணுகிட்ட நில்லு. கொட்டிக்கறது அப்புறம் ஆகட்டும்."

சாண்டியின் வீடு கடைக்கு மேல் மாடி. நியூகாசில்காரன் கதவைத் திறந்தான், பெயர் கோலின் என்று சொல்லிக் கை கொடுத்தான், தான் சிரித்ததற்கு வெட்கப்பட்டவன்போல் தேநீர் போட உள்ளே போய்விட்டான். ஷீனா மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். வாட்டி தொப்பியைக் கழற்றி, அட்டையை மேஜைமேல் வைத்தார்.

"இதுக்கு நான் லாயக்கு இல்லம்மா. வேற யாருக்காவது குடுங்க."

அவள் அட்டையைத் தொடவில்லை.

"உட்காருங்க மிஸ்டர் எலியட். அப்பா ஆஸ்பத்திரியிலதான் இதைச் சொன்னார். 'வாட்டிக்கு ஒரு கயிறு குடு. தண்ணிக்குள்ள என் பின்னாடி குதிச்சவன் அவன் ஒருத்தன்தான்'னார். எந்தத் தண்ணின்னு கேட்டேன். சொல்லல. சின்ன வயசுல லீவுக்கு நான் இங்க வரும்போதெல்லாம் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டிருக்கேன். வெறும் கல்லும் மண்ணும், அங்க என்ன இருக்குன்னுடுவார். இன்னிக்குத்தான் புரிஞ்சுது."

தான் குதித்ததையே வாட்டி மறந்திருந்தார். குதிரையை விட்டு ஆற்றில் குதித்து, ஒருவன் சட்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தது கதையில் ஒரு இடைஞ்சல். சிரிப்பு வருவதற்குள் இழுத்துக்கொண்டே போகும். என்றைக்கோ வெட்டிவிட்டார்.

"நீங்க பக்கத்துலயே இருந்தீங்க இல்ல?" என்றாள் ஷீனா. "என்ன நடந்ததுன்னு எனக்குச் சரியாச் சொல்லுங்க. அவங்களுக்குச் சொன்ன மாதிரி இல்லாம."

இதையாவது செய்துவிட வேண்டும் என்று வாட்டிக்கு உயிரே துடித்தது. ஆரம்பித்தார். ஜூன் மாதம், முந்தின நாள் மழை, ஆற்றில் தண்ணீர் கூடுதல். சாண்டியின் குதிரை புதுசு. கொடிக்கம்பு கனம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"நடு ஆத்துக்கு வந்தோம். சாண்டி என் பக்கமா திரும்பினான். அப்ப..."

அங்கே அவர் குரல் தானாக நின்றது. அதே ஒரு மூச்சு. அவர் நிறுத்தவில்லை, பழகிய வாய் அதுவாகவே நிறுத்திக்கொண்டு சிரிப்புக்காகக் காத்திருந்தது. ஷீனா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கோலின் கோப்பைகளை எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இப்படி ஒரு அவமானம் வாட்டிக்கு அவர் ஆயுசில் நேர்ந்ததில்லை.

"நிஜமாவே தும்மினாரா?" என்று கேட்டாள் அவள்.

வாட்டி யோசித்தார். குதிரை வழுக்கியதா, கம்பு சாய்ந்ததா, தும்மலா? எத்தனை துழாவியும் கோட்டை ஜன்னலும் சிரிக்கிற முகங்களும்தான் வந்தன.

"தெரியலம்மா. தும்மலை நான்தான் சேத்தேனோ என்னமோ. சொல்லிச் சொல்லி, எது நடந்தது, எது நான் சொன்னதுன்னு எனக்கே தெரியல."

"கரையில ஏறினப்புறம் அப்பா என்ன சொன்னார்?"

"அதுவும் ஞாபகம் இல்ல." அவர் கண் கலங்கிவிட்டது. "உங்கப்பாகிட்டருந்து அந்த நாளை நான் எடுத்துக்கிட்டேன். எடுத்து, அதைப் பத்திரமாக்கூட வெச்சுக்கல."

ஷீனா அட்டையை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"இது அப்பா குடுத்தது. திருப்பி வாங்க நான் யாரு? நாளைக்கு வந்து பிடிங்க. பேச வேண்டாம், பிடிச்சாப் போதும்."

மறுநாள் பர்வ்ஸ் நம்பர் நம்பராகக் கூப்பிட்டான். தலைமாட்டில் ஷீனா நின்றாள், அவளுக்கு எதிர்ப்பக்கம் சற்றுத் தள்ளி வாட்டி. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, மற்றவர்களோடு அளவாக விட்டு விட்டு இறக்கினார். பெட்டி சமமாகப் போய் அமர்ந்தது. அவர் தலை நிமிரவே இல்லை.

அடக்கம் முடிந்து சதுக்கத்து ஓட்டலில் எல்லாருக்கும் சாப்பாடு. மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட அப்பம், பட்டாணி, அப்புறம் விஸ்கி. வயிறு நிறைந்ததும் செத்தவரைப் பற்றி யாராவது எழுந்து ஒரு கதை சொல்வது வழக்கம். கசாப்புக்கடை ராப் எழுந்து கிளாஸைத் தட்டினான்.

"டேய் வாட்டி! எழுந்திரு! தும்மலைச் சொல்லு, சாண்டி கேட்டுக்கிட்டே போகட்டும்!"

"சொல்லுப்பா! சொல்லு!" என்று நாலாபக்கமும் குரல் வந்தது. எல்லா முகமும் சிரிக்கத் தயாராக இருந்தது. வாட்டி எழுந்தார். வாயைத் திறந்தார். மூலையில் ஷீனா உட்கார்ந்திருந்தாள். அவள் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, காத்திருந்தாள். சொல்லமாட்டேன் என்றாவது சொல்லிவிட நினைத்தார். அதுவும் வரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ராப் வந்து அவர் தோளில் கை வைத்தான். "பாவம்டா, மனுஷன் உடைஞ்சு போயிட்டான்," என்றான் தழுதழுத்து. ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ அவர் முன்னால் விஸ்கியை வைத்தார்கள். "வாட்டிக்கே பேச்சு வரலன்னா பாத்துக்கோ," என்றது ஒரு குரல். "செத்தா இப்படி ஒரு சிநேகிதன் இருக்கணும்," என்றது இன்னொன்று. ஒவ்வொருவராக வந்து முதுகில் தட்டினார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது வாட்டிக்கு. ஆனால் கையைக் குலுக்கினால் குலுக்கினார், தட்டினால் தலையாட்டினார்.

கூட்டம் விலகியதும் ஷீனா ஒரு தட்டோடு வந்தாள். அவர் முன்னால் வைத்து, குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"சாப்பிடுங்க மிஸ்டர் எலியட். எல்லாரும் உங்களைத்தான் பாத்துட்டிருக்காங்க."

வாட்டி முள்கரண்டியை எடுத்து, ஊரார் பார்க்கச் சாப்பிட்டார்.