தேதி போடாத பேனர்

வில்லியனூர் கடைத்தெருவில் செல்வகுமாரி அடித்த கண்ணீர் அஞ்சலி பேனர் தொங்காத நாள் அபூர்வம். பன்னிரண்டு வருஷமாக அதே கடை, அதே ‘ஆற்றொணாத் துயரில்’. படத்தையும் பேரையும் மாற்றினால் போதும், துயரத்தை மாற்ற வேண்டியதில்லை. “எழுதுறது நம்ம வேலை, அழுவுறது அவங்க வேலை” என்பாள். கெட்டிக்காரிதான், கொஞ்சம் வாய்க்கொழுப்பு.

செவ்வாய்க்கிழமை காலை கரியமாணிக்கத்துக் கலைவேந்தன் வந்தான். “அம்மாவுக்கு டாக்டரு கைய விரிச்சிட்டாருக்கா. அதுகிட்ட சொல்லல. சனிக்கிழம வூட்டுக்குப் போலாம்னு சொல்லி வச்சிருக்கோம். பேனர ரெடி பண்ணிடு, தேதி அப்புறம் சொல்றேன். நல்ல படம் அம்மா போன்லதான் இருக்கு, ஆசுபத்திரி போயி அதுலேர்ந்தே அனுப்புறேன்.”

முன்கூட்டியே அடித்து வைப்பது இப்போது பலரும் செய்வதுதான். சாவு வீட்டில் யாருக்கு அலைய நேரம்?

மதியம் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. மஞ்சள் புடவை, வெட்கச் சிரிப்பு. செல்வகுமாரி மாலை போட்டாள், விளக்கு வைத்தாள், ‘பவுனம்மாள்’ என்று பெரிதாக அடித்தாள். சரிபார்க்கட்டும் என்று, படம் வந்த எண்ணுக்கே அனுப்பினாள்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அது பவுனம்மாளின் எண். அட ஆண்டவனே! அழிக்கப் போவதற்குள் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. வாயால் சொல்ல வந்திருந்தால் எதிரில் இருக்கிற முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்திருப்பாள். எழுத்துக்கு ஏது கண்? யார் முன்னால் பேசுகிறோம் என்று அதற்குத் தெரியாது. திருப்பிக் கேட்டால் பதிலும் தெரியாது.

திருப்பிக் கேள்விதான் வந்தது, குரல் பதிவாக, மூச்சிரைப்போடு.

“யாரும்மா நீ? படம் நல்லாத்தான் இருக்குது. தேதி போடல பாரு. எப்பன்னு எம் புள்ள சொன்னானா?”

‘மன்னிச்சிடுங்கம்மா’ என்று அடித்தாள், அழித்தாள். ‘தப்பா வந்துடுச்சு’ என்று அடித்தாள், அதையும் அழித்தாள். அழைத்துப் பேச நெஞ்சில் துணிவில்லை. செத்தவர்களுக்கெல்லாம் எழுதியவளுக்கு, உயிரோடு கேட்ட ஒருத்திக்கு எழுத ஒரு வரி இல்லை. வெட்கக்கேடு.

வெள்ளிக்கிழமை கலைவேந்தன் வீங்கிய கண்ணோடு வந்து நின்றான்.

“போயிடுச்சுக்கா. மூணு நாளா போன கைய வுட்டு எறக்கல. யாரோ பதில் போடணும்னு நர்சுகிட்ட சொல்லிச்சாம், யாருன்னு சொல்லல. எங்கிட்ட ஒரு வார்த்த பேசலக்கா. எதுக்குன்னே தெரியல.”

செல்வகுமாரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இன்னா தேதி போடட்டும்பா?” என்று கேட்டாள்.