வரி முடிந்த இடத்துப் புள்ளி

ஈரச் சட்டையிலிருந்து டீசல் வாடை வீச, அப்பா கோடு போட்ட தாளை என் முன்னால் வைத்தார். எனக்குப் பதினொரு வயது. போர்ட் கிள்ளானில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில், ஆங்கிலம் எழுதத் தெரிந்த பிள்ளை என்று எனக்கொரு பெயர் உண்டு. அன்று காலை, 'கூடாங்' என்று நாங்கள் சொல்லும் சரக்குக் கிடங்கில், அப்பா பின்னால் எடுத்த லோரி, உடன் வேலை செய்த செல்வம் அங்கிளின் காலில் ஏறிவிட்டது. நடந்ததை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.

"நான் சொல்றத அப்படியே எழுதும்மா. ஒண்ணும் கூட்டாத, குறைக்காத."

சொல்லிவிட்டுப் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: லோரியை ரிவர்ஸ் எடுத்தேன். ஆளைப் பார்த்த பிறகு நான் இறங்கி அவரிடம் ஓடினேன்.

ஆங்கிலத்திலும் அதே வரிசையில், ஒரு சொல்லும் விடாமல் எழுதினேன். ஆனால் வாக்கியம் முடிந்தால் புள்ளி என்று டீச்சர் சொன்னதை, வரி முடிந்தால் புள்ளி என்று பிடித்துக்கொண்டிருந்தவள் நான். 'ஆளைப் பார்த்த பிறகு' என்பதோடு தாளின் ஓரம் வந்துவிட்டது. வரியின் நடுவில் முடிந்த 'ரிவர்ஸ் எடுத்தேன்' என்பதற்குப் புள்ளி வைக்காமல், அங்கே புள்ளியை வைத்தேன். அடுத்த வரி 'நான்' என்று தொடங்கியது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் எங்கே வந்தாலும் பெரிய எழுத்துத்தான் என்பதால், பிழை பிழையாகவே தெரியவில்லை.

ஐந்து நாள் கழித்து விசாரணைக்குப் போய்வந்த அப்பா, பூட்ஸைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆளப் பார்த்த பிறகுதான் லோரிய எடுத்தேனாம்லா," என்றார் அம்மாவிடம்.

"எவன் சொன்னான்?"

"என் லெட்டர்தான் சொல்லுதாம்."

அந்த லெட்டரை முதலில் எழுதிப் பார்த்த என் நோட்டை உள்ளே போய்ப் பிரித்தேன். வரி ஓரத்தில் அந்தப் புள்ளி இருந்தது. பக்கத்தைக் கிழித்து வாளித் தண்ணீரில் போட்டு, கூழாகும்வரை பிசைந்தேன். அப்பா கூப்பிடுவார், கேட்பார் என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே இருந்தேன். அவர் கேட்கவேயில்லை. வேலை போனது, செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி மூட்டை இறக்கப் போனார். செல்வம் அங்கிள் ஊன்றுகோலோடு எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கோலின் சத்தம் நடைபாதையில் கேட்டாலே நான் கதவைச் சாத்திவிடுவேன்.

இன்று அந்தக் கிடங்கு இருந்த இடத்தில் கண்டெய்னர்களை அடுக்கியிருக்கிறார்கள். நான் போய் உண்மையைச் சொல்ல செல்வம் அங்கிளும் உயிரோடு இல்லை. பூச்சோங்கில் என்னோடு இருக்கும் அப்பாவிடம் போன மாதம்தான் வாய் திறந்தேன்.

"புள்ளிய மாத்தி வெச்சது நான்தான்ப்பா. அன்னைக்கே விசாரணையில சொல்லியிருக்கலாமே?"

"யாரு எழுதினதுன்னு கேட்டாங்கம்மா. நான்தான்னுட்டேன்." என்றார் அப்பா. "இல்லன்னா உன்னக் கொண்டுபோய் அந்த விசாரணை மேசைக்கு முன்னால நிக்க வெச்சிருப்பாங்க."